அப்பாவின் சுகர் நோட்டும் மிஷினின் மெமரியும்: எட்டு மாத அனுபவம்

எங்கள் வீட்டில் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் சுகர் மிஷின் அக்யூ-செக் இன்ஸ்டன்ட். கோவில்பட்டியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். மிஷின், விரலில் குத்தும் ஊசிப் பேனா, ரத்தத் துளியைத் தொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் பத்து, சின்னப் பை எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அப்பாவுக்காக வாங்கியது. அவருக்கு 71 வயது, சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. நான் இதே ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் 12 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அதனால் மிஷினைப் பற்றி நம்பிக்கையோடு சொல்ல முடியும். ஆனால் இதை எதற்காக வாங்கினேன், வாங்கிய பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இது பாதி விமர்சனம்தான்.

முதலில் மிஷின். ஸ்ட்ரிப்பைச் சொருகினால் தானே உயிர் பெறும். பழைய மிஷின்களில் ஸ்ட்ரிப் டப்பாவுக்கு டப்பா மிஷினில் மாற்ற வேண்டிய ‘கோட்’ எண் தொல்லை இதில் இல்லை. 0.6 மைக்ரோ லிட்டர் ரத்தம் போதும், குண்டூசித் தலை அளவுத் துளி. ஸ்ட்ரிப்பின் முனை அகலமாக இருப்பதால் கை நடுங்குகிறவர்களுக்கும் சுலபம். நான்கு வினாடிக்குள் எண் வந்துவிடும். எழுத்து பெரியது, அப்பா கண்ணாடி போடாமலே படிக்கிறார். பக்கத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கிறது. சுகர் இருக்க வேண்டிய அளவில் இருந்தால் அம்பு பச்சைக்கு நேராக நிற்கும், ஏறினால் பச்சையைத் தாண்டி மேலே போகும். 7, 14, 30, 90 நாள் சராசரியைக் காட்டும். கடைசி 720 அளவுகளைத் தேதி, நேரத்தோடு மெமரியில் வைத்திருக்கும். நான் இதை வாங்கியதே அந்த 720க்காகத்தான்.

துல்லியம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வீட்டு மிஷின்களுக்கான சர்வதேச விதி, ஐஎஸ்ஓ 15197, 2013இல் இறுக்கப்பட்டது. லேப் அளவு 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், 100க்குக் கீழே என்றால் 15 புள்ளி. நூறில் 95 அளவுகளாவது இதற்குள் வர வேண்டும். ஆகவே மிஷின் 200 என்று சொன்னால் உண்மையில் 180ஆக இருக்கலாம், 215ஆக இருக்கலாம். 130ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டி - மதுரை ரூட்டில்தான் அதிக வருடம் ஓடினார். ராத்திரி டூட்டி முடிந்து வந்தாலும் டெப்போவில் கட்டிய பணத்தையும் டிக்கெட் கணக்கையும் மனதுக்குள் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். 31 வருட சர்வீஸில் ஒரு நாள்கூடக் கணக்கு உதைத்ததில்லை. அப்படிப்பட்டவர் சுகருக்கு நோட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? நீள நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு, தேதி, வெறும் வயிறு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம், குறிப்பு. அம்மா இறந்த பிறகு நான்தான் அந்த நோட்டைத் தொடங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிப் பார்ப்பேன். 118, 124, 121, 127. சாப்பிட்டு 158, 163, 149. பார்த்துவிட்டு நிம்மதியாகக் காபி போடப் போவேன்.

போன வருடம் மூன்று மாதச் சராசரி எடுத்தோம், எச்பிஏ1சி என்கிறோமே அதுதான். ரத்தத்தை நானே எடுத்தேன், நானே ஓட்டினேன். 8.9 வந்தது. லேப் மிஷினில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன், 8.8. ரத்தச் சோகை இருந்தால் இந்த அளவு ஏமாற்றும் என்பதால் ஹீமோகுளோபினும் பார்த்தேன், சரியாக இருந்தது. 8.9 என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதமாக ரத்தத்தில் சராசரியாக 209 ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் 170ஐத் தாண்டிய ஒரே ஒரு எண்கூட இல்லை. ஒரே உடம்பில் இந்த இரண்டும் இருக்க வழியில்லை.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. லேபில் இந்தப் பொய்யைத் தினமும் பார்க்கிறவள் நான். "சாப்பிடாம வந்தீங்களா?" என்று கேட்டால் பத்துப் பேரில் பத்துப் பேரும் "ஆமாம்மா" என்பார்கள். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னால் திட்டு விழும், இன்னொரு நாள் அலைய வேண்டும். அதனால் நான் கேள்வியை மாற்றி ரொம்ப நாள் ஆகிறது. "கடைசியா என்ன சாப்பிட்டீங்க, மணி என்ன இருக்கும்?" என்பேன். "காலைல ஒரு காபி மட்டும்" என்று உண்மை தானாக வந்துவிடும். முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு பக்குவமாகக் கேட்கத் தெரிந்த நான், வீட்டில் அப்பாவிடம் கேட்டதெல்லாம் "எல்லாம் ஒழுங்கா இருக்குல்ல?" என்பதுதான்.

அந்த வாரமே இந்த மிஷினை வாங்கினேன். அப்பாவிடம் "பழசுல பேட்டரி லூசா இருக்கு, தப்பாக் காட்டும்" என்றேன். பேட்டரி நன்றாகவே இருந்தது. மெமரி இருப்பதைச் சொல்லவில்லை. அப்பாவின் பொய்யைக் கண்டுபிடிக்க நான் ஒரு பொய் சொன்னேன், அது அன்று எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. நல்லதுக்குத்தானே என்று இருந்தது. அப்பாவுக்கும் அவருடைய பொய் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்பது பல மாதம் கழித்துத்தான் புரிந்தது.

மூன்று வாரம் விட்டேன். ஒரு நாள் அவர் நடைக்குப் போயிருந்தபோது நோட்டையும் மிஷினையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நோட்டில் 21 நாளுக்கு 42 எண்கள். மிஷினில் 23தான். அதில் 12 நோட்டோடு அப்படியே பொருந்தின, எல்லாம் பச்சைக்குள் இருந்தவை. மீதி 11ம் 200க்கு மேல், ஒன்று 287. அவை நோட்டில் 140, 150 பக்கம் ஆகியிருந்தன. பாக்கி 19 எண்களுக்கு மிஷின் சொருகப்படவே இல்லை. வைப்பாற்றங்கரைக் கோயில் கொடைக்குப் போன நாளுக்குக்கூட இரண்டு எண்கள் எழுதியிருந்தார். மிஷின் அன்று அலமாரியில்தான் இருந்தது.

இது அப்பாவுக்கு மட்டும் வந்த குணம் இல்லை. 1984இல் அமெரிக்காவில் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மெமரி வைத்த மிஷினை, மெமரி இருப்பதைச் சொல்லாமல் கொடுத்து, அவர்கள் நோட்டில் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் நான் பார்த்ததுதான் அங்கேயும்: அளக்காத எண்கள் நோட்டில் இருந்தன, அளந்த எண்கள் காணாமல் போயிருந்தன. அந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் மிஷின் மெமரியை டாக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் பொய்யில் ஒரு நேர்த்தி இருந்தது, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பொய் எழுதுவது என்று முடிவு செய்தவர் 95, 100 என்று எழுதியிருக்கலாமே? ஒரு இடத்தில்கூட 115க்குக் கீழே போகவில்லை. பூஜ்யத்தில் முடியும் எண்ணே கிடையாது, 117, 123, 131 என்றே போகிறது. நல்ல சுகர்க்காரராகக் காட்டிக்கொள்ள அவருக்கு ஆசையில்லை. "பரவாயில்லை" என்ற அளவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சூரிச்சில் நடந்த ஒரு தாயக்கட்டை ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது. மாணவர்கள் தனியாகக் கட்டையை உருட்டி வந்த எண்ணைத் தாங்களே சொல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை அந்தந்த அளவு பணம், ஆறு விழுந்தால் ஒன்றும் கிடையாது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியும் ஐந்தில் ஒருவர்தான் முழுப் பொய் சொன்னார். 39 சதவீதம் பேர் அப்பட்டமான உண்மையைச் சொன்னார்கள். நடுவில் ஒரு கூட்டம் கொஞ்சமாகப் பொய் சொன்னது, ஐந்து என்று சொல்லாமல் நான்கு என்றது. நான் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ளவும் ஒரு பொய் வேண்டியிருக்கிறது. அப்பாவின் 123 அந்த நான்கு.

அப்புறம் நான் செய்தது தப்பு. அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், என் வீட்டுக்காரரும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனும் இருக்கும்போது, மிஷினையும் நோட்டையும் தட்டுக்கு முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் எண்ணுவது போல. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாதத்தில் கை வைத்தபடியே இருந்துவிட்டு எழுந்து போனார். "இனி மிஷின்ல இருக்கிறதத்தான் நம்புவேன்" என்று பின்னாலேயே சொன்னேன்.

அடுத்த பத்து நாளில் மெமரியில் எண்கள் இறங்கின. 96, 91, 104, 88. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரிடம்கூடப் போனில் சொன்னேன். டெக்னீஷியனாக எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், 14 வருடச் சர்க்கரை பத்து நாளில் 88க்கு இறங்காது. நம்ப ஆசையாக இருந்ததால் நம்பினேன். ஒரு நாள் மகன் பென்சில் பிடிக்கும்போது விரலைத் தூக்கிப் பிடித்தான். என்னடா என்று கேட்டேன். "தாத்தா குத்தினது வலிக்குது" என்றான்.

மிஷினில் பதிந்திருந்தது என் பிள்ளையின் ரத்தம்.

கோபம் வருவதற்கு முன்னால் என் வாயில் வந்த கேள்வி "ஊசிய மாத்தினாரா?" என்பதுதான். மாற்றியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் புது ஊசி. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: ஊசிப் பேனாவை ஒருவருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது, ஊசியை மாற்றினாலும் கூடாது. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் இப்படியும் பரவும். வீட்டு ஆட்கள்தானே என்று பலர் செய்கிறார்கள். அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன்.

எந்தக் கம்பெனி மிஷினும் இது யார் விரல் என்று கேட்பதில்லை. 720 மெமரி இருந்தாலும், தானாகப் போனுக்கு அனுப்பினாலும், ஏமாற்ற நினைக்கிறவரை அதனால் பிடிக்க முடியாது. நான் போட்ட சத்தத்தால் அப்பாவின் பொய் நிற்கவில்லை, கெட்டிக்காரத்தனமாக மாறியது. மேற்கு ஆப்பிரிக்காவில் 3, 4 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2011இல் வந்தது. ஒரு பள்ளியில் தப்புக்கு அடி, இன்னொன்றில் அடி கிடையாது. பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சி செய்கிறவர் வெளியே போவார். இரண்டு பள்ளியிலும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அடி விழும் பள்ளிப் பிள்ளைகள்தான் பார்க்கவில்லை என்று அதிகமாகச் சொன்னார்கள். அது என்ன பொம்மையாக இருக்கும் என்று அடுத்துக் கேட்டபோதும் மாட்டிக்கொள்ளாமல் பேசியவர்கள் அவர்கள்தான். பயம் அவர்களுக்குப் பொய்யைக் கற்றுக் கொடுத்து, பழக்கியும் விட்டிருக்கிறது.

அன்று நான் சத்தம் போடவில்லை. மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் அப்பாவோடு உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. "அளக்கும்போது என்னப்பா தோணும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "அம்பு மேல போச்சுன்னா உங்கம்மா கால்தாம்மா ஞாபகம் வரும்."

அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த வருடமே கால் விரல் எடுத்தார்கள். அப்பாவின் மனதில் அது அப்படியே பதிந்துவிட்டது: எண் ஏறினால் இன்சுலின், இன்சுலின் வந்தால் விரல் போகும். உண்மை அதற்கு நேர் எதிர். பல வருடம் சுகர் ஏறிக் கிடந்ததால் நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்டு விரல் போனது, இன்சுலினைத் தாமதமாகத் தொடங்கியதுதான் தப்பு. நான் இதை லேபில் வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அப்புறம் இன்னொன்று சொன்னார். "ஞாயித்துக்கிழமை நோட்டப் பாத்ததும் உன் முகம் தெளியும். அத ஏன் கெடுக்கணும்னுதான் எழுதினேன்."

நான் அழுதேன். இத்தனை நாள் அவர் டாக்டரை ஏமாற்றுகிறார், தன்னையே ஏமாற்றுகிறார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்கள் என் முகத்துக்காக எழுதப்பட்டவை. 2018இல் அமெரிக்காவில் சுமார் 4,500 பேரிடம் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. பத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரை டாக்டரிடம் ஏதாவது ஒன்றை மறைத்திருக்கிறார்கள். காரணமாக அதிகம் பேர் சொன்னது, தன்னைக் குறைவாக எடைபோட்டுவிடுவார்கள், உபதேசம் கேட்க வேண்டிவரும் என்பதுதான். அப்பாவுக்கு டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நான் வாரா வாரம். நோட்டு என்ற பெயரில் நான் நடத்திய பரீட்சைக்கு அவர் விடை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த மிஷினால் எங்களுக்கு உண்மையான பிரயோஜனம் அதற்குப் பிறகுதான். நோட்டை நிறுத்திவிட்டோம். மிஷின் அப்பாவுடையது, மெமரியும் அவருடையது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரே பட்டனை அழுத்திக் காட்டுவார். புளூடூத் வழியாக என் போனில் இணைக்க வசதி இருக்கிறது, நான் இணைக்கவில்லை. தினமும் அளக்க வேண்டாம், உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதற்கு அளங்கள் என்று சொன்னேன். கணக்கில் ருசி உள்ள மனிதர், பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சோறு வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 236. அதே குழம்புக்குச் சோற்றைப் பாதியாக்கி, பொரியலும் முட்டையும் கூட்டினால் 178. சாப்பிட்டுவிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து வந்தால் இன்னும் இறங்குகிறது. கம்பங்கூழ் ஏற்றாது என்று ஊரே சொல்லும், இரண்டு சொம்பு குடித்தால் ஏற்றத்தான் செய்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். கடலைமிட்டாய்க்கும் கணக்குப் பார்த்தார். எங்கள் ஊர்ச் சரக்கு, 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது, வெல்லம் போட்டதுதானே என்று அதுவரை மடியில் கட்டிக்கொண்டு போய்த் தின்றவர். வெல்லமும் சீனியும் ரத்தத்துக்கு ஒன்றுதான் என்று நான் நூறு தடவை சொன்னது ஏறவில்லை. மிஷினில் 252ஐப் பார்த்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு சின்னத் துண்டு என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 7.6. சராசரி 171 பக்கம். இன்னும் இறங்க வேண்டும். டாக்டர் இரவு மாத்திரையை மாற்றியிருக்கிறார், இன்சுலின் பற்றிய பேச்சும் வந்திருக்கிறது. அப்பா இந்த முறை எழுந்து போகவில்லை.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். மிஷின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எந்தக் கம்பெனியானாலும் செலவு ஸ்ட்ரிப்பில்தான். ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை, மாதத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். டப்பாவில் தேதி பார்த்து வாங்குங்கள், எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள், ஈரம் பட்டால் எண் தப்பும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரலில் 300 காட்டியதை லேபில் பார்த்திருக்கிறேன். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். பேட்டரி இரண்டு சின்ன வட்டம், சி ஆர் 2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மிஷினுக்கு மனதார ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள், மெமரி இருப்பதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

போன ஞாயிறு சாத்தூரில் ஒரு கல்யாணம். அப்பா மட்டும் போய்விட்டு மூன்று மணி பஸ்ஸில் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் மிஷினை எடுத்து உட்கார்ந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், அந்தப் பக்கம் போகவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"241ம்மா. ஒரு லட்டு."

சரிப்பா, தண்ணி குடிங்க என்றேன். சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ரெண்டு" என்றார்.